குடியாத்தம் லுங்கிக் கடைக்கு டொமைன்: கோடு போட்டு வாங்கலாமா?

வணக்கம். கடைப் பெயரில் டாட் காம் டொமைனை, அதாவது இணைய முகவரியை, வேறொருவர் வாங்கிவிட்டார், பெயருக்கு நடுவில் கோடு (-) போட்டால் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். போனில் சொல்லும்போது அந்தக் கோட்டை யாரும் போட மாட்டார்கள். நேராக அந்த டாட் காம்காரர் கடைக்குத்தான் போய் நிற்பார்கள்.

ஊர் பெயரைப் பின்னால் சேர்த்து டாட் இன் பாருங்கள். ஒரே சிக்கல், குடியாத்தத்தை ஆங்கிலத்தில் ஒருவர் டி, ஹெச் போட்டு எழுதுவார், இன்னொருவர் இரண்டு டி போடுவார். இரண்டையும் வாங்கி, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பி விடுங்கள். வாங்கும் முன் ஐந்து பேருக்குப் போனில் ஒரே ஒரு முறை சொல்லி, வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு பேர் தப்பாக அடித்தாலும் அந்தப் பெயர் ஆகாது.

அந்தப் பெயரை வேறு யாராவது பதிந்திருக்கிறார்களா என்று இந்திய டிரேட்மார்க் தளத்தில் வகுப்பு 24 (துணி), 25 (ஆடை) இரண்டிலும் தேடிவிடுங்கள். முதல் வருட ஆஃபர் விலையை நம்பாமல் புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.

முக்கியமாக, சைட் செய்து தருபவர் பெயரில் பதிய விடாதீர்கள். புதுப்பிக்கச் சொல்லும் மெயில் அவருக்குப் போகும், அவர் கவனிக்காவிட்டால் பெயர் கைவிட்டுப் போகும். உங்கள் மெயில், உங்கள் மொபைல் எண் கொடுத்துப் பதியுங்கள், தானாகவே புதுப்பிக்கும் ஆட்டோ ரினியூவலையும் போட்டு வையுங்கள்.