இணையதள உருவாக்கத்தில் முதலில் எதைக் கற்க வேண்டும்?

எச்டிஎம்எல்லில் தொடங்குங்கள். ஒரு பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது பொத்தான் என்று உலாவிக்குக் குறித்துக் காட்டும் மொழி அது. சிஎஸ்எஸ் தரும் நிறமும் இடைவெளியும், ஜாவாஸ்கிரிப்ட் தரும் இயக்கமும் அந்தக் கட்டமைப்பின் மீதே செயல்படுகின்றன; சுவர் எழும்பிய பிறகுதானே வண்ணம் பூச முடியும்?

இதை மேலோட்டமாகக் கடந்துவிட வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன். பொத்தானுக்குரிய குறியீட்டை விட்டு, பொதுவான டிவ் குறியீட்டால் ஒரு பொத்தானை அமைத்தால், சுட்டியால் அதைச் சொடுக்க முடியும் என்றாலும், டேப் விசை அதைத் தாண்டிப் போய்விடும், பார்வையற்றோரின் திரைவாசிப்பானும் அதைப் பொத்தான் என்று அறிவிக்காது.

வேலை விளம்பரங்களில், இணையதளங்களின் முகப்பை உருவாக்க உதவும் ரியாக்ட் என்ற கருவி கேட்கப்படுவதால் அதிலிருந்தே தொடங்கலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால், ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்படும் ரியாக்டும் உலாவியில் இறுதியாக உருவாக்குவது இதே எச்டிஎம்எல் கட்டமைப்பைத்தான்.