மேல் ஊரா, கீழ் ஊரா?

கேள்வி: கணவர், பத்து வயது மகன், 64 வயது மாமியார் ஆகியோரோடு ஐந்து நாள் மலைப் பயணம் போகிறோம். நடப்பதற்காகவே போகிறோம். இரண்டு சிற்றூர்களில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். ஒன்று 2,900 மீட்டர் உயரத்தில், சாலை முடியும் இடத்தில் இருக்கிறது. விடுதி வாசலிலிருந்தே ஒரு பாதை கிளம்பி, ஆறு கிலோமீட்டர் தள்ளி 3,500 மீட்டரில் உள்ள ஏரிக்குப் போகிறது. இன்னொன்று 1,600 மீட்டரில், ஆற்றங்கரையில். சுற்றிலும் காடு, சின்னக் குன்றுகள். இரண்டுக்கும் நடுவே பேருந்தில் ஒன்றரை மணி நேரம். கணவருக்கு மேலே உள்ள ஊர்தான் வேண்டுமாம். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: கீழ் ஊரில் தங்குங்கள். மேல் ஊருக்கு ஒரு நாள் போய் வாருங்கள்.

உங்கள் கணவர் ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வாசலைத் தாண்டினால் பாதை என்பது நடக்கப் போகிறவர்களுக்குப் பெரிய வசதி. ஆனால் மலையில் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, எங்கே நடக்கப் போகிறோம் என்பதற்கு முன்னால் எங்கே தூங்கப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். உங்கள் தயக்கத்துக்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது.

2,900 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் சில நாள் எடுக்கும். பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலே போய்த் தங்கும்போதுதான் மலை நோய் தலைகாட்டுகிறது. வண்டியை விட்டு இறங்கும்போது எல்லாரும் நன்றாகத்தான் இருப்பார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் பெரும்பாலும் தொடங்கும். பையன் சாப்பாட்டைத் தள்ளி வைப்பான், தலை வலிக்கிறது என்பான், வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்பான், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வான். முற்றினால் கீழே இறங்குவதுதான் வழி, அந்த நேரத்தில் சாலை முடியும் ஊரிலிருந்து எப்படி இறங்குவீர்கள்? திடகாத்திரமானவர்களுக்கு இது வராது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை, தினமும் ஓடுகிறவருக்கும் வரும். மாமியாருக்கு இதயத்திலோ நுரையீரலிலோ ஏதாவது தொந்தரவு இருந்தால், ஒரு நாள் மேலே போய் வருவதற்குக்கூட மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பகலில் மேலே ஏறி, இரவில் கீழே வந்து தூங்கும்போது இந்தச் சிக்கல் பெருமளவு குறைகிறது. குளிரும் அப்படித்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி இறங்கும். உங்கள் இரண்டு ஊருக்கும் நடுவே எட்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும்.

சரி, ஏரிக்கு வருவோம். ஆறு கிலோமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார், இன்றும் அது கைகொடுக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். உங்கள் பாதைக்கு அது இரண்டே கால் மணி நேரம் ஆகிறது. அதுவும் பழகிய கால்களுக்கு, எங்கும் நிற்காமல் போனால். பையனோடு, மெல்லிய காற்றில், மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இறங்க இரண்டரை.

இதை ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், மலையில் மதியம் வேறு மாதிரி. காலை வெயிலில் சரிவுகள் சூடாகி, ஈரக் காற்று மேலே எழும்பி, உச்சிகளின் மேல் மேகம் கட்டும். ஒரு மணி, இரண்டு மணிக்கு இடி இடிக்கத் தொடங்கலாம். ஏரிக்கரை மாதிரி திறந்த வெளியில் அப்போது இருக்கவே கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே முப்பது விநாடிக்குள் இருந்தால் அது பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே பத்தரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முதல் நாள் இரவே பேசி முடிவு செய்துவிடுங்கள். ஏரி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நின்றுகொண்டு பேசினால் யாருக்கும் மனசு வராது.

முதல் இரண்டு நாள் கீழேயே நடங்கள். ஆற்றோரப் பாதை மாமியாருக்கும் ஒத்துவரும், புதுக் காலணி யாரைக் கடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மேலே போவதை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று வானம் சரியில்லை என்றால் நான்காம் நாள் கையில் இருக்கும். அன்று மாமியார் மேல் ஊர் வரை வரலாம், ஏரிக்கு வேண்டாம். அவரோடு ஒருவர் இருங்கள்.

அறை பதிவு செய்வதற்கு முன்னால் கீழ் ஊர் விடுதிக்குப் போன் போட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அறைக்கு எத்தனை மணிக்கு வெயில் வரும். குறுகிய பள்ளத்தாக்கில் பத்து மணி வரை வெயிலே எட்டாத பக்கங்கள் உண்டு, அந்தப் பக்கம் அறை எடுத்தால் நனைந்த துணி காயாது. இரண்டாவது, மேல் ஊருக்கு முதல் பேருந்து எப்போது. ஐந்து மணிக்கு என்றால் ஆறரைக்குப் போய்ச் சேர்ந்து உடனே நடக்கத் தொடங்கலாம், பத்து மணி வாக்கில் ஏரி. எட்டு மணிக்குத்தான் என்றால் அதை நம்ப வேண்டாம், அந்த ஒரு நாளுக்கு மட்டும் வாடகைக் கார் பேசிக்கொள்ளுங்கள்.