பேஜ்மேக்கர், கோரலை விட்டு மாறுவது எப்படி? டிடிபி நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

அச்சகத்தில் கணினியில் பக்கம் அமைக்கும் வேலையில் (டிடிபி, லேஅவுட்) எனக்கு 22 வருடம். பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளில் கை பழகி, கோரல், இண்டிசைன் என்று நகர்ந்து, இப்போது பாதி வேலையை இலவச மென்பொருள்களான ஸ்கிரைபஸிலும் (பக்கம் அமைக்க) இங்க்ஸ்கேப்பிலும் (படம் வரைய) செய்கிறேன். புது மென்பொருளுக்கு மாறுவது பற்றி வந்த கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, எங்கள் அச்சகத்தில் இன்னும் பேஜ்மேக்கர் 7தான். “நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்” என்கிறார் முதலாளி. என்ன சொல்வது?

இன்று வருகிற மேட்டரை (அச்சிட வேண்டிய எழுத்தை) அவரிடம் காட்டுங்கள். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ யூனிகோடு தமிழில்தான், அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற குறியீட்டில்தான் வருகிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதனால் பாமினி என்ற பழைய ஃபான்ட்டுக்கு மாற்றுகிறீர்கள், அல்லது உட்கார்ந்து மறுபடி அடிக்கிறீர்கள். பிழை நுழைவது அங்கேதான். பேஜ்மேக்கர் 7 வந்தது 2001-இல். அதற்குப் பின் அடோபி புதுப் பதிப்பே விடவில்லை. அந்தப் பழைய கணினி படுத்துவிட்டால் உள்ளே இருக்கிற வேலையெல்லாம் அதோடு மாட்டிக்கொள்ளும்.

15 வருட மலர்கள், புத்தகங்கள் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. புது மென்பொருளில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகள். போச்சா?

போகவில்லை தம்பி. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஃபான்ட். ‘தமிழ்’ என்று நீங்கள் பார்ப்பது ஃபைலுக்குள் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஃபான்ட் இல்லாத இடத்தில் போர்வை விலகி அந்த எழுத்துகள் தெரிகின்றன, அவ்வளவுதான்.

பேஜ்மேக்கர் ஓடும்போதே ஒவ்வொரு கட்டுரையையும் டெக்ஸ்ட்டாக எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள். பிறகு என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்து மாற்றும் கருவி ஒன்றில் யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றியதும் அப்படியே லேஅவுட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மூன்று இடங்களில் கண் வைக்க வேண்டும்.

பாமினியில் ‘கொ’ என்பது மூன்று தட்டல்: கொம்பு, க, கால். நடுவில் எப்போதோ ஒரு ஸ்பேஸ் விழுந்திருந்தால் அச்சில் தெரிந்திருக்காது, மாற்றும்போது எழுத்து உடையும்.

அடுத்தது ‘ள’. ‘பௌர்ணமி’யில் வருகிற ஔகாரத்தின் பின்பாதியும் ‘தெளிவு’ என்ற சொல்லில் வருகிற ‘ள’வும் பாமினியில் ஒரே எழுத்து. கருவி குழம்பினால் ‘தௌிவு’, ‘வௌியீடு’ என்று விழும். ஃபைண்ட் போட்டு இவற்றைத் தேடித் திருத்துங்கள்.

மூன்றாவது, நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள். கருவிக்கு எது பாமினி, எது நிஜ ஆங்கிலம் என்று தெரியாது. ‘டு’ (to) என்ற இரண்டெழுத்து ஆங்கிலச் சொல் ‘வழ’ ஆகிவிடும். மெயில் முகவரிகளைக் கண்டிப்பாகப் பழைய பிரதியோடு ஒப்பிடுங்கள்.

என்னைக் கேட்டால், மாறுவதில் முக்கால் வேலை இதுதான். எழுத்து யூனிகோடாகிவிட்டால் நாளைக்கு எந்த மென்பொருள் வந்தாலும் உங்கள் மேட்டர் உங்களிடமே இருக்கும்.

படம் வரையும் அடோபி இல்லஸ்ட்ரேட்டரில் யூனிகோடு ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கிறது.

பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ டிக் செய்யுங்கள். பிறகு பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ கம்போசரை (எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் முறையை) தேர்ந்தெடுங்கள். இண்டிசைனில் அதே பேனல் மெனுவில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’. அதைப் பாராகிராஃப் ஸ்டைலிலேயே வைத்துவிட்டால் திரும்பத் திரும்பத் தொட வேண்டாம். எந்தப் புது மென்பொருளானாலும் காசு கொடுக்குமுன் டிரயலில் ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ மூன்றையும் அடித்துப் பாருங்கள்.

பேனர் கடை வைத்திருக்கிறேன். கோரலுக்குக் காசு கட்ட முடியவில்லை. இங்க்ஸ்கேப் போதுமா?

ஃபிளெக்ஸுக்குத் தாராளமாகப் போதும். ஆஃப்செட் மல்டிகலர் (பிளேட் எடுத்து நான்கு மையில் அடிக்கும் அச்சு) என்றால் கவனம் தேவை. இங்க்ஸ்கேப் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபி, அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலர் முறை. அதில் இருக்கிற கறுப்பு, பிளேட் எடுக்கும்போது நான்கு கலராகப் பிரிந்துவிடும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் எனக்கு இது நடந்தது. 8 பாயிண்ட் எழுத்தில் பெரியவர்கள் பெயர்கள். ரெஜிஸ்டர் (நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) இம்மி விலகியதும் ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் சிவப்பு நிழல். 500 பத்திரிகையும் என் செலவில் மறுபடி அடித்தேன். அதிலிருந்து படம், பார்டரை மட்டும் இங்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்விஜி ஃபைலாக ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவருகிறேன். எழுத்தை ஸ்கிரைபஸிலேயே 100 சதவீதம் வெறும் கறுப்பில் வைத்து, சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மைக் கலர் முறை) பிடிஎஃப் எடுக்கிறேன். 3 மில்லிமீட்டர் பிளீடும் (வெட்டுவதற்காக ஓரத்தில் கூட விடுவது) அங்கேயே. ஸ்கிரைபஸ் 1.4-ஐ எடுக்காதீர்கள், அதில் தமிழ் உடையும். 1.6 நன்றாக வருகிறது.

பழைய சிடிஆர் (கோரல்) ஃபைல்களை இங்க்ஸ்கேப் திறக்கும், ஆனால் எல்லாம் அச்சு அசலாக வராது. கோரல் கையில் இருக்கும்போதே முக்கியமானவற்றைப் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள்.

மூளைக்குப் புரிகிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது. கலர் பேலட்டில் இன்னும் ரைட் கிளிக்தான் போகிறது அக்கா!

கோரலில் லெஃப்ட் கிளிக் ஃபில் (உள்நிறம்), ரைட் கிளிக் அவுட்லைன் (ஓரக்கோடு). இங்க்ஸ்கேப்பில் அவுட்லைனுக்கு ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு கிளிக். எனக்கும் மூன்று வாரம் ஆனது. வீடியோ பார்த்துக்கொண்டே இருப்பதைவிட, ஏற்கெனவே முடித்துக் கொடுத்த ஒரு விசிட்டிங் கார்டை எடுத்து, அதே அளவில் புது மென்பொருளில் திரும்பச் செய்யுங்கள். என்ன வர வேண்டும் என்று தெரிந்திருப்பதால் கருவியைத் தேடுவது மட்டும்தான் வேலை. அவசர ஆர்டரை மட்டும் பழையதிலேயே முடித்துக் கொடுங்கள்.

கேன்வா மட்டும் தெரியும். வேலைக்குப் போக முடியுமா?

சோஷியல் மீடியா போஸ்டர் வேலைக்குப் போகலாம் கண்ணு. அச்சகத்துக்கு வர வேண்டுமென்றால் இண்டிசைனோ ஸ்கிரைபஸோ ஒன்றைக் கற்றுக்கொண்டு வா.

யூனிகோடில் நல்ல ஃபான்ட்டே இல்லை என்கிறார்களே?

முன்பு உண்மை. இப்போது கூகுள் ஃபான்ட்ஸில் முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பவனம், அனெக் தமிழ் எல்லாம் இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். புத்தக உள்பக்கத்துக்கு நான் நோட்டோ செரிஃப் தமிழ் வைக்கிறேன். தமிழுக்கு வரி இடைவெளி கொஞ்சம் கூட விடுங்கள். 11 பாயிண்ட் எழுத்துக்கு வரி இடைவெளி 16 பாயிண்ட் வைத்து ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போட்ட ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.