கௌரியம்மாவின் கோபம்

அன்புள்ள ஐயா,
இந்தியாவின் முதல் பெண் அமைச்சரான கே.ஆர். கௌரியம்மா ஏன் முதல்வராகவில்லை? 1987 தேர்தலில் கேரளத்தை அவர்தான் ஆளப்போகிறார் என்று முழங்கினார்கள். வென்றபின் நாயனார் முதல்வரானார். கௌரியம்மாவின் கோபமே காரணம் என்கிறார் என் நண்பர். சரியா?
ம., கோவை

அன்புள்ள ம.,

இந்தியாவின் முதல் பெண் அமைச்சர் அல்ல. அவருக்கு முன்பே நம் சென்னை மாகாணத்தில் ருக்மிணி லட்சுமிபதி அமைச்சராக இருந்தார். இதைக்கூடச் சரிபார்க்காமல் கடிதம் எழுதலாமா? கௌரியம்மா 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் இருந்த ஒரே பெண்.

கோபமாம்! ஆண் தலைவர் சீறினால் உங்கள் நண்பர் அதைக் கம்பீரம் என்பார். டி.வி. தாமஸுடனான மணவாழ்க்கை, 1994-இல் மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கம் இவற்றையெல்லாம் பேச ஊரில் ஆள் உண்டு. எனக்கு அவருடைய வருவாய்த் துறைதான் முக்கியம். பதவியேற்ற ஒரு வாரத்துக்குள், குடியிருப்பவர்களையும் குத்தகைக்காரர்களையும் நிலத்திலிருந்து வெளியேற்றத் தடைவிதித்து அவசரச் சட்டம் வந்தது.

என் அம்மாயி கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் ஒரு நிலக்கிழாரின் தோட்டத்து ஓரத்தில் குடிசை போட்டிருந்தாள். முருங்கைக் கொம்பு, பூசணி, அவரை. இவை தவிர வேறெதையும் நட மாட்டாள். பலாக்கொட்டையைச் சுட்டுத் தருவாள், ஒன்றைக்கூட மண்ணில் ஊன்ற விடமாட்டாள். “காய்க்கிற வரைக்கும் நம்மை இங்கே விட்டு வைப்பார்களா?” என்பாள். கௌரியம்மா மீண்டும் வருவாய் அமைச்சராக இருந்தபோது, 1969-இல் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அது 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்துப் பகுதியில் குடிகிடப்புக்காரர், அதாவது பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவர், பத்து சென்ட் வரை தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளலாம். பட்டயம் கைக்கு வந்த வாரம் அம்மாயி வாசலில் குழி தோண்டினாள். அருகில் நின்று கொட்டையை எடுத்துக் கொடுத்தவன் நான்.

பத்து சென்ட்தான். அவள் ஆயுளெல்லாம் நாற்று நட்ட வயல் குத்தகைக்காரர் பெயருக்குப் போயிற்று. கூலியாளுக்கு வயலில் பங்கில்லை. பெரும் தோட்டங்களுக்கும் நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. இதைக் கௌரியம்மாவிடம் நேரில் கேட்க ஆசைப்பட்டேன். 2021-இல், நூற்றொரு வயதில் அவர் இறக்கும் வரை துணிவு வரவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பார், அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டிருக்கலாம்.

உங்கள் கேள்வி எங்கோ போய்விட்டது. போகட்டும்.

மரம் இன்னும் காய்க்கிறது. கெட்டிச் சுளை வருக்கை என்று நம்பித்தான் ஊன்றினோம், குழைந்த சுளைக் கூழனாகப் போய்விட்டது. அம்மாயி ஒரு சுளையைக்கூட வீணாக்கவிடவில்லை.