ட்ரைரீம் என்ற பெயரில் உள்ள 'மூன்று' எதைக் குறிக்கிறது?

பண்டைய கிரேக்கர்கள் துடுப்பு வலித்து ஓட்டிய போர்க்கப்பல்தான் ட்ரைரீம். ஒரு துடுப்பை மூன்று பேர் வலித்ததால் அந்தப் பெயர் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, ஒரு துடுப்புக்கு ஒரே ஆள்தான். லத்தீனில் 'ரேமுஸ்' என்றால் துடுப்பு. அதோடு மூன்றைச் சேர்த்து 'ட்ரிரேமிஸ்' என்றார்கள் ரோமானியர்கள். கிரேக்கர்கள் சொன்னது 'ட்ரியேரேஸ்'. மூன்று என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த மூன்று வரிசைகள்.

ஏதென்ஸ் கப்பலில் மேலே 62, நடுவே 54, அடியில் 54, ஆக 170 பேர். அடிவரிசைக்காரர் பாடுதான் பெரும்பாடு. துடுப்பு நுழையும் துளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். தண்ணீர் புகாமல் தோலுறை கட்டியிருப்பார்கள். சங்கிலியில் பூட்டிய அடிமைகள் என்பது சினிமா தந்த எண்ணம். ஏதென்ஸில் பெரும்பாலும் கூலி வாங்கிய சுதந்திர மனிதர்களே வலித்தார்கள்.

ஒரு துடுப்புக்கு ஒரே ஆள் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியது: கி.மு. 429இல் கொரிந்திலிருந்து மெகாரா பக்கம் நடந்துபோன மாலுமிகள் ஆளுக்கொரு துடுப்பு, உட்காரும் மெத்தை, துடுப்பைக் கட்டும் வார் சுமந்து போனார்களாம்.

அப்புறம், பெயரில் 'ஐந்து' உள்ள ரோமானியப் போர்க்கப்பலான குயின்குரீமில் ஐந்து அடுக்கு இருந்ததாக நினைக்க வேண்டாம். அங்கே ஐந்து என்பது மேலிருந்து கீழாக ஒரு தொகுதியில் வலித்த ஆட்களின் எண்ணிக்கை என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.