ஏரிக்கரையில் மரம் வளரலாமா?

கேள்வி: கோடைக்கானல் ஏரி தானாக உண்டானதா? இந்த மாதிரி படகு விடும் ஏரிகளில் கரை மேல் மரம் நட்டால் நிழலாக இருக்குமே?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தானாக வந்ததில்லை. சதுப்பாகக் கிடந்த பள்ளத்தில் ஓடைகளை மறித்து, மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863-ல் உண்டாக்கியது. சுமார் 60 ஏக்கர். எந்த ஏரியானாலும் சுற்றிலும் மரம் இருக்கட்டும், ஆனால் தண்ணீரைத் தாங்கி நிற்கும் மண்கரையில் மட்டும் வேண்டவே வேண்டாம். மரம் பட்டுப்போனால் வேர் மட்கி அந்த இடம் குழாய் மாதிரி பொந்தாகிவிடும், அப்புறம் தண்ணீர் அதன் வழியாக மண்ணை அரித்துக்கொண்டே வெளியே வரும். புல் போதும். படகு சவாரிக்குப் போனால் கரையின் வெளிச்சரிவையும் ஒரு பார்வை பாருங்கள். கசிவு கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம், அன்றைக்கே பராமரிப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.