காய்ச்சல் இறங்கிய நாளில் பஸ் ஏறாதீர்கள்

கேள்வி: ஜூலையில் தோழியோடு லாவோஸ் போகிறேன். முதுகில் ஒரு பை, ஐந்து வாரம், வடக்கிலிருந்து தெற்கு வரை படகு, ரயில், பஸ், வாடகை ஸ்கூட்டர் என்று தரைவழியாகவே பயணம். மலேரியா, மூளைக்காய்ச்சல், அட்டை, நாய்க்கடி, விஷச் சாராயம், ஆற்றுப் புழு என்று இணையத்தில் படித்துப் படித்துத் தூக்கமே போய்விட்டது. குளோரோகுயின், அசித்ரோமைசின், ஐபுப்ரொஃபேன், டெக்சாமெத்தசோன் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் டெங்கு வந்துவிட்டதால் அந்தக் கவலை மட்டும் இல்லை. ஆஸ்பத்திரி இல்லாத ஊரில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? – 29 வயது வாசகி

பதில்: நீங்கள் பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பயந்திருக்கிறீர்கள். டெங்கு ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி வராது என்று யார் சொன்னார்கள்? டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. எந்த வகை வந்து போனதோ அந்த வகைக்கு எதிராகத்தான் உடம்பில் நீண்டகாலப் பாதுகாப்பு இருக்கும். வேறு வகை தொற்றினால், முதல் தடவை உருவான ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) அதை முறியடிக்க முடியாமல் வெறுமனே ஒட்டிக்கொண்டு, அது செல்லுக்குள் நுழைய உதவியே செய்துவிடுகின்றன. அதனால் இரண்டாம் தடவை டெங்கு கடுமையாகும் வாய்ப்பு முதல் தடவையைவிட அதிகம். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை; பெரும்பாலானவர்கள் ஒரு வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். ஆனால் ஜூலை என்பது அங்கே மழைக்காலத்தின் நடுப்பகுதி, டெங்கு ஏறும் பருவம். உங்கள் பட்டியலில் முதலில் இருக்க வேண்டியது இதுதான்.

சரி, காய்ச்சல் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். டெங்கு பெரும்பாலும் திடீரென்றுதான் தொடங்கும். காலையில் சந்தையில் சுற்றிவிட்டு வந்தவருக்கு மாலையில் 39, 40 டிகிரி அடிக்கும். கண்ணுக்குப் பின்னால் வலி, முதுகை முறித்துப் போட்டது போன்ற உடம்புவலி, சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல். இந்த முதல் இரண்டு மூன்று நாள் பார்க்கத்தான் பயங்கரமாக இருக்கும். வாயால் குடிக்க முடிந்து, சிறுநீர் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் அது ஓய்வெடுக்க வேண்டிய காலம், அவ்வளவுதான்.

ஆபத்து அதற்குப் பிறகு வருகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். இறங்குகிற அந்த நேரத்தை ஒட்டிய 24 முதல் 48 மணி நேரம்தான் டெங்குவின் கண்டம். சிலருக்கு அப்போது மெல்லிய ரத்தக்குழாய்களின் சுவர் வழியாக, மண்பானையில் நீர் கசிவதைப் போல, ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியத் தொடங்கும். கசிந்த நீர் வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் சேரும். குழாய்க்குள் மிஞ்சிய ரத்தம் கெட்டியாகும். ரத்த அழுத்தம் விழும். வெப்பமானியோ 37 காட்டும். நோயாளி "காய்ச்சல் விட்டுருச்சு" என்று நிம்மதியாகப் பையைக் கட்டுவார்.

பையோடு ஊர் சுற்றுபவர்களிடம் எனக்கு இருக்கும் பயமே இதுதான். மூன்று நாளை விடுதிக் கட்டிலில் வீணாக்கிவிட்டோமே என்ற ஆதங்கம், அடுத்த ஊரில் அறைக்குக் கட்டிய முன்பணம், தோழியின் பொறுமையின்மை எல்லாம் சேர்ந்துகொள்ளும். நான்காம் நாள் உடம்பு லேசானதும், தலைநகர் வியஞ்சானிலிருந்து தெற்கே பாக்சே நகரத்துக்குப் போகும் இரவுப் படுக்கை பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். பத்து மணி நேரத்துக்குக் குறையாத பயணம். மழையில் சாலை கெட்டிருந்தால் இன்னும் அதிகம். வழியில் கழிவறைக்கு இறங்க வேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. கசிவு அதிகமாகும் நேரமும், உதவி கிடைக்காத நேரமும், தண்ணீர் குடிக்காத நேரமும் ஒன்றாக வந்து சேருகின்றன. தெற்குக் கோடியில் மேக்கோங் ஆற்றில் இருக்கும் டொன் டெட் தீவின் மூங்கில் குடிசையில், ஊஞ்சல் தொட்டிலில் ஆடிக்கொண்டே இதைக் கடந்துவிடலாம் என்று நினைப்பதும் இதே ரகம்தான். அங்கிருந்து படகில் கரைக்கு வந்து, பாக்சேவுக்குச் சாலையில் சில மணி நேரம் போக வேண்டும்.

அதனால் காய்ச்சல் தொடங்கிய நாளையும் நேரத்தையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். சின்ன ஊரில் இருந்தால், முதல் நாளோ இரண்டாம் நாளோ, உடம்பில் தெம்பு இருக்கும்போதே பெரிய ஊருக்கு நகர்ந்துவிடுங்கள். வடக்கில் இருந்தால் அது லுவாங் பிரபாங். அங்கிருந்து 2021 டிசம்பரில் தொடங்கிய ரயிலில் ஏறினால் வியஞ்சானுக்கு இரண்டு மணி நேரம்தான். முன்பெல்லாம் இதற்கு மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்கக் குலுங்க வேண்டும். தெற்கில் இருந்தால் பாக்சே. போய்ச் சேர்ந்த பிறகு, காய்ச்சல் விட்டு முழுதாக இரண்டு நாள் ஆகும்வரை ஊர் மாறாதீர்கள்.

அந்த இரண்டு நாளில் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அறையில் இருக்கக்கூடாது: விடாத வயிற்றுவலி, அதிலும் அழுத்தினால் அதிகமாகும் வலி, குடித்ததெல்லாம் வாந்தியாக வருவது, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கருப்பு மலம், மாதவிடாய் வழக்கத்தைவிட அதிகமாகப் போவது, எழுந்து நின்றால் தலைசுற்றல், கைகால் சில்லிட்டுப் போவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, காரணமில்லாத தூக்கக் கலக்கம் அல்லது நிலைகொள்ளாத தவிப்பு. கடைசியில் சொன்னது நோயாளிக்குத் தெரியாது, கூட இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். ஆகவே இந்தப் பத்தியை உங்கள் தோழிக்கு அனுப்பிவையுங்கள்.

எங்கே போவது? லாவோஸில் மாவட்ட ஆஸ்பத்திரிகளில் ரத்தப் பரிசோதனையும் டிரிப்பும் கிடைக்கலாம். தீவிர சிகிச்சையை எதிர்பார்க்க முடியாது. வியஞ்சானில் வசதி அதைவிடப் பரவாயில்லை. நிலைமை மோசமானால் அங்கே வசிக்கும் வெளிநாட்டவர்கள் பலரும் செய்வதைத்தான் நீங்களும் செய்ய வேண்டியிருக்கும்: மேக்கோங்கைக் கடந்து தாய்லாந்து. வியஞ்சானுக்கு அருகில் 1994-இல் திறந்த நட்புப் பாலத்தைத் தாண்டினால் நோங் காய், அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் உடோன் தானி. பாக்சேவிலிருந்து தரைவழி எல்லையைக் கடந்தால் உபோன் ராட்சதானி. நடு லாவோஸில் தாக்கெக் ஊரில் இருந்தால் எதிர்க்கரையே நகோன் பனோம், அங்கேயும் பாலம் உண்டு. எல்லைச் சாவடிகள் இரவில் மூடிவிடும் என்பதால் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று மாலையில் சொல்லாதீர்கள். உங்கள் கடவுச்சீட்டுக்குத் தாய்லாந்து நுழைவு அனுமதி எப்படி என்று கிளம்பும் முன்பே பார்த்துவையுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, வேறு நாட்டு ஆஸ்பத்திரிக்கு மாற்றும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

இப்போது அந்த மருந்துப் பைக்கு வருவோம். ஐபுப்ரொஃபேனை வெளியே எடுத்து வீட்டிலேயே வையுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரொஃபேன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது. ரத்தக்கசிவை அதிகப்படுத்தும், வயிற்றைப் புண்ணாக்கும். "உடம்புவலி தாங்கல, ஒரே ஒரு ஊசி" என்று அங்கே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வதும் இதில் அடக்கம். பாராசிட்டமால் மட்டும் போதும்: 500 அல்லது 650 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. காய்ச்சல் முழுசாக விடவில்லையே என்று அளவைக் கூட்டாதீர்கள், டெங்குவில் கல்லீரல் ஏற்கெனவே அடிவாங்கிக்கொண்டிருக்கும். டெக்சாமெத்தசோனை உங்களுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கி, எல்லாம் சரியாகிவிட்டது போலக் காட்டும், டெங்குவைக் குணப்படுத்தாது. குப்பையில் போடுங்கள். குளோரோகுயினும் வேண்டாம், அந்தப் பகுதியின் ஃபால்சிபாரம் மலேரியா அதற்குக் கட்டுப்பட்ட காலம் மலையேறிவிட்டது. அசித்ரோமைசின் இருக்கட்டும். ஆனால் அது ரத்தம் கலந்த பேதிக்கும் காய்ச்சலோடு வரும் பேதிக்கும்தான், வெறும் காய்ச்சலுக்கு அல்ல. உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் எத்தனை இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. பத்துப் பதினைந்தாவது வையுங்கள், பேதி, டெங்கு இரண்டுக்கும் உயிர்காக்கும் சரக்கு அதுதான்.

பிளேட்லெட் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்ததும் எல்லாரும் அந்த ஒரு எண்ணைத்தான் கேட்கிறார்கள், உடனே யாராவது பப்பாளி இலைச் சாறு என்று கிளம்புகிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது ஹீமாட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எத்தனை சதவீதம் என்ற எண். அது நாளுக்கு நாள் ஏறிக்கொண்டு, பிளேட்லெட் வேகமாக விழுந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு ரத்த எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில நாளில் என்.எஸ்.1 பரிசோதனை செய்தால் டெங்குவா என்று தெரியும். ஆனால் உங்களைப் போல முன்பே ஒருமுறை வந்தவர்களுக்கு அது சில சமயம் இல்லை என்று காட்டிவிடும், அதை நம்பிப் பஸ் ஏற வேண்டாம். "எனக்கு முன்பு டெங்கு வந்திருக்கிறது" என்று பார்க்கிற முதல் மருத்துவரிடமே சொல்லிவிடுங்கள்.

கொசுவைப் பொறுத்தவரை, டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்திலும்தான் அதற்குப் பசி அதிகம். இரவு வலைக்குள் படுத்தேன், மருந்து எதற்கு என்று கேட்காதீர்கள். டீட் அல்லது பிகாரிடின் கலந்த பூச்சுமருந்தைக் காலையில் குளித்ததும் தடவுங்கள், வியர்த்து வழிந்த பின் மறுபடி தடவுங்கள். கணுக்காலை மறக்காதீர்கள், மேசைக்கு அடியில் அது அங்கேதான் வந்து உட்காரும்.

மீதி பயங்களை வேகமாக முடித்துவிடுகிறேன். அட்டை ஒன்றும் செய்யாது, நகத்தால் நெம்பி எடுங்கள். ஆற்றுப் புழு, அதாவது ஷிஸ்டோசோமா, தெற்கே நீங்கள் போகிற தீவுகள் பக்கம் உண்மையாகவே உண்டு. கரையோரத்துத் தேங்கிய நீரில் ஊறிக் கிடக்காதீர்கள், போதும். வந்தாலும் மருந்து இருக்கிறது. பச்சையாகவோ பாதி வெந்தோ தரும் நன்னீர் மீனைச் சாப்பிடாதீர்கள், கல்லீரல் புழு அதன் வழியாகத்தான் வருகிறது. ஒட்டுச்சோறும் சுட்ட கோழியும் தாராளமாகச் சாப்பிடலாம். விஷச் சாராயம் வெறும் புரளி இல்லை: 2024 நவம்பரில் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். இலவசமாக நீட்டும் சின்னக் கோப்பை வேண்டாம். மூடியை உங்கள் கண் முன்னால் திறக்கிற பீர் போதும். குடித்த மறுநாள் கண் மங்கினால் அது போதை தெளியாமல் இல்லை, உடனே ஆஸ்பத்திரி. நாய் கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போங்கள். தடுப்பூசி போடாதவர்களுக்குக் கடிபட்ட இடத்தில் போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் என்ற ரேபிஸ் எதிர்ப்பு மருந்து அங்கே எளிதில் கிடைக்காது. கிளம்பும் முன்பே தடுப்பூசி போட்டிருந்தால் அது தேவைப்படாது, கடித்த பின் இரண்டு ஊசி போதும்.

நீங்கள் பயப்படாத இன்னொன்று அந்த வாடகை ஸ்கூட்டர். தாக்கெக் வட்டப் பாதையைச் சுற்றி வருகிறவர்கள் கொண்டுவரும் காயம் பெரும்பாலும் முழங்காலில் ஜல்லி பதிந்த சிராய்ப்பு, வலது கெண்டைக்காலில் சைலன்ஸர் சுட்ட வட்டமான தழும்பு. அதிர்ஷ்டம் கெட்டவர்களுக்குத் தலையில். ஹெல்மெட் பொருந்தாவிட்டால் வேறு கடையில் வண்டி எடுங்கள். உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பெரும்பாலான காப்பீடுகள் பணம் தராது.

மலேரியா நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. வியஞ்சானில் ஆபத்து இல்லை. தெற்கு மாகாணங்களின் காட்டோரக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. மலேரியாவைத் தடுக்கத் தினசரி டாக்சிசைக்ளினோ அடோவாகுவோன்-புரோகுவானிலோ வேண்டுமா என்பதை, எத்தனை இரவு எந்த ஊரில் தங்குகிறீர்கள் என்ற பட்டியலோடு போய் உங்கள் மருத்துவரிடம் முடிவுசெய்யுங்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் அடித்தால், மூன்று மாதம் கழித்து என்றாலும் சரி, லாவோஸ் போய்வந்ததைச் சொல்லி மலேரியா ரத்தப் பரிசோதனை கேளுங்கள். விவாக்ஸ் வகை கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து வரக்கூடியது. மலைப்பாதையில் நடந்திருந்தால் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் வலியில்லாத கருப்புப் பொருக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது புதரில் இருக்கும் நுண்பூச்சி கடித்து வரும் ஸ்கரப் டைஃபஸ் காய்ச்சலின் அடையாளம், சரியான மாத்திரை போட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

ஐந்து வாரம், மழைக்காலம், கிராமப்புறம் என்பதால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி உங்களுக்கு அவசியம் என்றே சொல்வேன். வழக்கமாக இரண்டு ஊசிக்கும் இடையே நான்கு வாரம் வேண்டும். ரேபிஸ், டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகளையும் அதே நடையில் முடித்துவிடலாம். பயணச்சீட்டு எடுத்துவிட்டீர்கள் என்றால் இந்த வாரமே போய் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.